டிக்கெட் மலிவு... உடம்புக்குக் கட்டுப்படியாகுமா?

மகன் சிங்கப்பூரில். மகள் கோலாலம்பூரில். பேரனுக்கு முதல் பிறந்த நாள். 'கட்டாயம் வரணும்மா' என்று போன் மேல் போன். செல்போனில் டிக்கெட் விலையைத் தேடுகிறீர்கள். ஒரு கம்பெனியின் விலையைப் பார்த்ததும் கண்கள் விரிகின்றன. 'அட, மற்றவர்களைவிட இரண்டாயிரம், மூவாயிரம் குறைச்சலா இருக்கே!'

உடனே பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஒரு நிமிஷம்!

நானும் அப்படித்தான் அழுத்தினேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட். இரண்டு பேருக்குமாக 3,800 ரூபாய் மிச்சம். வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அந்த 3,800 ரூபாய் என்ன விலை கேட்டது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

எப்படிக் கட்டுபடியாகிறது?

நம் நாட்டில் மலிவு விமானத்தைப் பிரபலமாக்கியது 2003ல் தொடங்கிய ஏர் டெக்கான். மலேசியாவில் 2001ல் டோனி பெர்னாண்டஸ், கடனில் இருந்த ஏர்ஏஷியாவை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி இதே வழியில் ஓட்டினார். ஐரோப்பாவில் ரையன்ஏர், அமெரிக்காவில் ஸ்பிரிட் ஆகியவை இன்னும் ஒரு படி மேலே போய், டிக்கெட் என்றால் உட்கார்ந்து போக ஒரு இடம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டன.

சூட்சுமம் எளிமையானது. கூடுமானவரை ஒரே ரக விமானங்களை வைத்துக்கொள்வது. அதனால் பைலட் பயிற்சி, உதிரி பாகம், பராமரிப்பு எல்லாவற்றிலும் செலவு குறையும். இறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் மறுபடி பறக்கவிடுவது. பெரிய கம்பெனிகள் 150, 160 இருக்கைகள் வைக்கும் ஏர்பஸ் 320 விமானத்தில் 180 அல்லது 186 இருக்கைகளைப் போடுவது. அப்புறம், சாப்பாடு, பெட்டி, ஜன்னல் சீட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஓட்டலில் சாப்பாட்டை 'அளவு சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று பிரிக்கிறார்களே, அது மாதிரிதான். அளவு சாப்பாடு வாங்கிவிட்டு இன்னொரு கை சாதம் கேட்டால் எக்ஸ்ட்ரா காசு!

பாதுகாப்பு எப்படி?

'விலை குறைச்சல்னா விமானமும் மட்டமா இருக்குமோ?' என்ற பயம் பலருக்கு உண்டு. தேவையில்லை. மலிவு கம்பெனிக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒரே சட்டம், ஒரே பரிசோதனை. 1985ல் பறக்கத் தொடங்கிய ரையன்ஏர் 2024 வரை விபத்தில் ஒரு பயணியைக்கூட இழந்ததில்லை. காற்றழுத்தமும் எல்லா விமானத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற காற்று. அதாவது ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. ஈரப்பதம் மிகக் குறைவு. அதனால் தொண்டை வறளும், கண் எரியும்.

வித்தியாசம் எங்கே என்றால், காலை நீட்டும் இடத்தில். வழக்கமாக ஒரு இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் 30 முதல் 32 அங்குலம் இருக்கும். மிக மலிவு கம்பெனிகள் சில அதை 28 அங்குலமாகச் சுருக்கிவிட்டன. முன்னால் இருப்பவர் முதுகில் உங்கள் முழங்கால்!

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயந்துவிடாதீர்கள். அப்போதும் அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், மிக உயரமானவர்கள், முன்பே கால் ரத்தக் குழாயில் அடைப்பு வந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இவர்கள் நடைபாதை ஓர சீட்டைக் காசு கொடுத்தாவது வாங்கிக்கொள்வது நல்லது. எழுந்து நடக்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம் பாருங்கள்.

என் கதை

இப்போது 3,800 ரூபாய்க்கு வருகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்வார். எங்கள் விமானம் ராத்திரி பத்து மணிக்கு மேல். மலிவு டிக்கெட் பெரும்பாலும் இப்படி அகால நேரத்தில்தான் கிடைக்கும். ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு அம்மா பாத்ரூம் போய்விட்டு வந்தார். அங்கேயே இன்சுலினும் போட்டுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

ஏன் போட்டார்? சில வருஷங்களுக்கு முன் தம்பி அவரை வேறு விமானத்தில் கூட்டிப்போனபோது, ஏறிய கொஞ்ச நேரத்தில் தட்டில் சாப்பாடு வந்ததாம். இதிலும் வரும் என்று நினைத்துவிட்டார். நான் சாப்பாட்டுக்குப் பணம் கட்டவில்லை என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. 'ராத்திரி நேரம், தூங்கிடுவாங்க, எதுக்கு தண்டச் செலவு' என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

விமானம் கிளம்பவே அரை மணி நேரம் தாமதம். மேலே போய்ச் சிறிது நேரத்தில் அம்மா என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னமோ படபடன்னு வருதுடா. சாப்பாடு எப்ப வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பணிப்பெண்ணை அழைக்கும் பட்டனை அழுத்திவிட்டு, பையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். முறுக்கு, பிஸ்கட் எல்லாம் கீழே போன பெரிய பெட்டியில். கைப்பை 7 கிலோவுக்கு மேல் போய்விடும் என்று எல்லாவற்றையும் நான்தான் அங்கே மாற்றியிருந்தேன்!

பக்கத்து சீட்டிலிருந்த பெரியவர் குனிந்து பார்த்தார். "தம்பி, அம்மாவுக்கு சுகரா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோயில் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை கல்கண்டை நீட்டினார். அம்மா மெதுவாகச் சப்பினார். அதற்குள் பணிப்பெண்ணும் சர்க்கரைத் தண்ணீரோடு வந்துவிட்டார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்புறம் வண்டியில் வந்த சாப்பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

விமானக் கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். டிக்கெட்டில் என்ன இல்லை என்பதை நான்தான் அம்மாவிடம் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் வீட்டில் நாலு பேர். போக வர ஆளுக்கு 2,500 ரூபாய் குறைவு. மொத்தம் 10,000 ரூபாய் மிச்சம். இப்போது செலவுக்கு வாருங்கள். இரண்டு பெட்டிகள், போக வர 5,600. நாலு பேரும் சேர்ந்து உட்கார 2,000. இரண்டு வேளைச் சாப்பாடு 2,800. கூட்டினால் 10,400. மிச்சம் பிடிக்கப் போய் 400 ரூபாய் நஷ்டம்!

அதே டிக்கெட்டை காலேஜ் முடித்த உங்கள் மகன் வாங்குகிறான். ஒரே ஒரு கைப்பை. பசித்தால் இறங்கிச் சாப்பிடுவான். அவனுக்கு 2,500 ரூபாயும் சுத்தமான லாபம். ஆக, 'மலிவா, இல்லையா' என்ற கேள்விக்குப் பதில் டிக்கெட்டில் இல்லை. யார் போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

இன்னும் சில விஷயங்களையும் கணக்கில் சேருங்கள். சில கம்பெனிகள் விமான நிலைய கவுண்டரில் செக்-இன் செய்யக்கூடக் கட்டணம் கேட்கும். 2023ல் பிரிட்டனில் ஒரு வயதான தம்பதி தவறான பயணச் சீட்டை டவுன்லோட் செய்துவிட்டதால் 110 பவுண்ட் கட்ட வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 'பாரிஸ்' என்று விற்கப்படும் மலிவு டிக்கெட் சில சமயம் உங்களை இறக்கிவிடுவது பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போவே என்ற ஊரில்! நள்ளிரவில் இறங்கினால் டாக்ஸிச் செலவு வேறு. கம்பெனியே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திடீரென்று பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டியவர்கள் தவித்துப்போனார்கள்.

போவது என்று முடிவு செய்துவிட்டால்...

* சர்க்கரை நோயாளிகள்: சாப்பாடு கைக்கு வந்த பிறகே இன்சுலின். கைப்பையில் குளுக்கோஸ் அல்லது கல்கண்டு கட்டாயம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

* மருந்து: இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுக் கீழே அனுப்பாதீர்கள். குளிரில் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. டாக்டர் சீட்டும் கையில் இருக்கட்டும்.

* பச்சைக் குழந்தைகள்: விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது வலி குறையும்.

* சிறுவர்கள்: 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தரவேண்டும் என்று 2024ல் நம் விமானப் போக்குவரத்துத் துறை சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

* கர்ப்பிணிகள்: 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான கம்பெனிகள் டாக்டர் சான்றிதழ் கேட்கும். விதியை முன்பே படித்துவிடுங்கள்.

* முதியவர்கள்: வீல்சேர் தேவையென்றால் 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள்.

* எல்லோருக்கும்: காலிப் பாட்டிலோடு போய், சோதனை முடிந்ததும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை கணுக்காலைச் சுழற்றுங்கள், எழுந்து நடங்கள்.

* தாமதமானால்: மலிவு கம்பெனிக்கும் நம் நாட்டில் சட்டம் உண்டு. பயண நேரத்தைப் பொறுத்து இரண்டு முதல் நாலு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தரவேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ, முழுப் பணமோ கேட்கலாம்.

போன மாதம் மறுபடி சிங்கப்பூர் பயணம். அதே மலிவு டிக்கெட்தான். ஆனால் இந்த முறை அம்மாவுக்கு ஓர சீட், சாப்பாடு, பெட்டி எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டினேன். அப்படியும் 900 ரூபாய் மிச்சம்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "இந்தத் தடவை சோறு உண்டாடா?"

"உண்டும்மா. காசு கட்டியாச்சு."

"சரி" என்றவர், கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பொட்டலம் கல்கண்டு!