இரண்டு அடுக்கு, இரண்டு நியாயம்

மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் லோக்கலைப் பிடித்துக் கடற்கழிப் பாலம் தாண்டினால் வாஷி, அதற்கடுத்தது சான்பாடா. மின்ரயில்களைப் பராமரிக்கும் கார்ஷெட் இங்கே இருக்கிறது. இந்தியாவின் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது இந்த ஹார்பர் லைனில்தான். அப்போது 1,500 வோல்ட் டி.சி.; 2016இல் அது 25,000 வோல்ட் ஏ.சி. ஆனது. வோல்ட் கூடியதன் ஆபத்து எல்லாருக்கும் புரியும். டி.சி. போய் ஏ.சி. வந்ததில்தான் எனக்குச் சுவாரசியம்.

தடத்துக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெயும் அழுத்தக் காகித அட்டையும் மாறி மாறி நிற்கும். இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை. மின்னழுத்தத்தைச் சேர்ந்தே தாங்குகின்றன. ஆனால் சமமாக அல்ல. மின்புலத்தில் வைத்த பொருளின் மூலக்கூறுகளில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி, உள்ளே வரும் புலத்தைத் தணிக்கும். இந்தத் தணிப்பின் அளவுதான் விடுதிறன். காற்றுக்கு 1 என்றால் எண்ணெய்க்கு 2.2, எண்ணெய் ஊறிய அட்டைக்கு ஏறக்குறைய 4.5. ஆகவே ஏ.சி.யில் எண்ணெய் மீது விழும் புலம் அட்டையில் உள்ளதைப்போல் இருமடங்கு. இரண்டில் நோஞ்சான் எண்ணெய்தான். பாரமும் அதன் தலையில்தான்! அட்டைக்குள் தப்பித்தவறி மெல்லிய காற்றிடுக்கு மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். சுற்றியுள்ள அட்டையைப்போல் நாலரை மடங்கு புலம் அங்கே குவியும். காற்றோ, மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டிலேயே முறிந்து பொறி விடும். வெளியே ஒன்றும் தெரியாது. நொடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொன்றிலும் பொறி. அட்டை உள்ளிருந்தே அரிபடும்.

டி.சி.யில் நியாயமே வேறு. ஏ.சி. திசை மாறிக்கொண்டே இருப்பதால் மின்னூட்டம் எங்கும் தங்க நேரமில்லை, டி.சி.யில் நேரம் தாராளம். எண்ணெய் வழியாகக் கசியும் நுண்மின்னோட்டத்தை அட்டை அவ்வளவு எளிதில் விடாது. அட்டையின் தடை பன்மடங்கு அதிகம். இரண்டும் தொடும் எல்லையில் மின்னூட்டம் சேரச் சேர, சுமை எண்ணெயிலிருந்து அட்டைக்கு இடம்மாறும். நிமிடங்கள் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். அடுக்குப் பொருட்களின் இந்தக் குணத்தை மாக்ஸ்வெல் 1873லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

எல்லையில் சேர்ந்தது சும்மா இராது. டி.சி. கொடுத்துச் சோதித்த, எண்ணெய் ஊறிய காகிதம் சுற்றிய கேபிளின் கடத்தியை ஒரு கணம் எர்த் கம்பியோடு இணைத்தால் மின்னழுத்தம் பூஜ்யமாகும். இணைப்பை எடுத்துவிட்டால், எங்கிருந்தும் மின்சாரம் தராமலே அது மறுபடி ஏறும். உள்ளே தங்கியது நிதானமாகத்தான் வெளியேறுகிறது. தொட்டவருக்கு ஷாக் நிச்சயம். அதனால்தான் சோதனை நடந்த நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எர்த் கம்பியை மாட்டியே வைத்திருக்கிறார்கள்.