தலைமாட்டில் ஒரு துப்பாக்கி

“அண்ணா, கிளாக் நல்லதா, சிக் சாவர் நல்லதா?” டெக்சஸில் புதுவீடு வாங்கிக் குடிபோன தம்பிகள் எப்படியும் ஒருநாள் இந்தத் துப்பாக்கிக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். புல்வெட்டும் மிஷின், வீட்டு வரி, கரையான் மருந்து எல்லாம் பேசி முடித்த பிறகு, மனைவி உள்ளே இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நான் நேரே பதில் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டு, “விசா என்ன?” என்று கேட்பேன்.

அது வம்புக்குக் கேட்பதில்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என்பது போலச் சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் வக்கீலைப் பார்த்துவிட வேண்டும், சின்னத் தவறுக்கு வேலை, வீடு, விசா எல்லாம் சேர்ந்து போய்விடும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், எஃப்பிஐ-யின் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள், சிக்கல் இல்லையென்றால் டெக்சஸில் அன்றைக்கே கையில் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆக உரிமைக்குக் குறைவில்லை.

தேவை இருக்கிறதா என்பது தனிக் கணக்கு. நம்மவர்களின் திருட்டுப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. ஆசியக் குடும்பங்களாகப் பார்த்து, பல மாநிலங்களில் வீடு புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பலை நடத்திய டெக்சஸ் பெண்ணுக்கு 2019-இல் 37 ஆண்டு சிறை கிடைத்தது. ஆனால் பொதுவான திருட்டு அப்படி நடப்பதில்லை. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2003 முதல் 2007 வரை நடந்த வீட்டுத் திருட்டுகளை எண்ணிப் பார்த்தது. 28 சதவீதத்தில்தான் வீட்டில் யாராவது இருந்திருக்கிறார்கள். வீட்டார் மேல் கைவைத்ததோ மிரட்டியதோ மொத்தத்தில் 7 சதவீதம். மற்றபடி திருடன் வருவது நீங்கள் இல்லாதபோதுதான். மேசை இழுப்பறையில் கிடக்கும் துப்பாக்கி அவனுக்கு இன்னொரு வரவு. நகைக்குப் பயந்து துப்பாக்கி வாங்குகிறேன் என்பவரிடம், நகையை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்பேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் பிராண்டு பேசுவது நியாயமில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் கோடிக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம் வைத்திராதவர்களைப்போல் சுமார் 8 மடங்கு, பெண்களில் 35 மடங்கு. மாத்திரை விழுங்கியவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், சுட்டுக்கொண்டவரை அப்படி முடியாது. வேலை போய் மனமுடைந்தவரோ, தேர்வில் தோற்றுக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையோ, குடித்தால் கை ஓங்குகிறவரோ இருக்கும் வீட்டுக்கு எந்தத் துப்பாக்கியும் சரியில்லை. நல்ல கதவு, அதற்கு நீளமான திருகாணி போட்ட தாழ், வாசலில் விளக்கு, கேமரா, ஒரு நாய். அங்கே என் யோசனை அதோடு முடிந்தது.

அதையும் கடந்து வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், துப்பாக்கி இரவில் எங்கே படுக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தலையணைக்கு அடியில், பீரோவின் மேல்தட்டில், புடவை அடுக்குக்குள் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எதை எங்கே ஒளித்தாலும் குழந்தைக்குத் தெரியும், தீபாவளிப் பலகாரம் ஒளித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுடத் தயாரான துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்திருந்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்குப் போய்விட்டால், டெக்சஸ் சட்டப்படி வைத்தவர்மேல் குற்றம். வேண்டியது கட்டிலுக்குப் பக்கத்தில் மரச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய சிறிய இரும்புப் பெட்டி. நாலைந்து பொத்தான், ஒரு ரகசிய வரிசை, இருட்டிலும் விரல் தடவித் திறக்க வேண்டும். கைரேகைப் பூட்டு பார்க்க நன்றாக இருக்கும், பாத்திரம் கழுவிய ஈரவிரலுக்குத் திறக்காமல் அடம்பிடிக்கும். எனக்குப் பொத்தான்தான் பிடிக்கும். பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குள் அடங்குகிற துப்பாக்கி என்று பட்டியல் தானே சுருங்கும்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். கைத்துப்பாக்கியில் இரண்டு குடும்பம். ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையில், ஐந்தோ ஆறோ, இருக்கும். விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வரும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி இழுங்கள், அவ்வளவுதான். பக்கவாட்டில் உருளையைத் திறந்தால் நிரப்பியிருக்கிறதா, காலியா என்று கண்ணுக்குத் தெரியும். குறை என்னவென்றால் விசை கனம், ஏறக்குறைய 5 கிலோ இழுக்க வேண்டும். பழகாதவர் இழுக்கிற இழுப்பில் குழல் நகர்ந்து குறி தப்பும்.

மற்றது செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் நுழையும் மேகசினில் அடுக்கியிருக்கும். மேலே இருக்கும் ஸ்லைடு ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய் வெற்று உறையை எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். 1982-இல் ஆஸ்திரியாவில் வந்த கிளாக் 17-இல் 17 தோட்டா, அதன் தம்பியான கிளாக் 19-இல் 15. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் மேகசினுக்கு 10-தான் அனுமதி. விசை சுமார் இரண்டரைக் கிலோ, அதனால் சுலபமாகக் குறி வரும், அதே காரணத்தால் சுலபமாக வெடிக்கவும் செய்யும்.

இந்த இடத்தில் நான் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். பிஸ்டலில் இருந்து மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதிதாக வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. குழலின் பின்வாயில், சேம்பர் என்கிற குழிக்குள், ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கலாம். மேகசின் கையிலும் உயிர் போகும் தோட்டா உள்ளேயுமாக, “காலிதான்” என்று சொல்லி விசையை இழுத்தவர்களால் நடந்த விபத்துகள் ஏராளம். முறை இதுதான்: முதலில் மேகசினை உருவ வேண்டும், பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ள வேண்டும், ஸ்லைடைத் திறந்தே பிடித்துக்கொண்டு குழிக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால், அதாவது ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினை உருவினால், இழுத்த ஸ்லைடு திரும்பி வரும்போதே அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். சில மாடல்களைத் துடைக்கக் கழற்றும்போது விசையை ஒருமுறை இழுத்தே ஆக வேண்டும், கிளாக் அதில் ஒன்று. துடைக்கும்போது சுட்டுக்கொண்டான் என்ற செய்தி அங்கேயிருந்துதான் வருகிறது.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் நாலு துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் கடைக்குப் போக வேண்டாம். ஊரில் நாம் பார்த்த துப்பாக்கியெல்லாம் பேங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்கியதுதான், ஆகையால் கைக்கு எது பொருந்தும் என்ற உள்ளுணர்வே நமக்குக் கிடையாது. கைப்பிடியைப் பிடித்தால் ஆட்காட்டி விரலின் முதல் கணு இயல்பாக விசையில் உட்கார வேண்டும், எட்டிப்பிடிக்கக் கூடாது. ஸ்லைடை இழுக்க, இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிற அளவுக்குக் கைப்பலம் வேண்டும். மனைவிக்கு மணிக்கட்டு வலி என்றால் அந்த ஒரு வேலையிலேயே மாட்டிக்கொள்வார். வீட்டில் யார் யார் அதை எடுக்கக்கூடுமோ அவர்களில் வலுக்குறைந்த கை எதுவோ, அந்தக் கைக்குத்தான் வாங்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ள ஆண்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் கொண்டுவந்த ஷீல்டு ஈஸி போன்றவை, ஸ்லைடு இலகுவாக வரவேண்டும் என்பதற்காகவே செய்தவை.

“பெண்களுக்குச் சின்னது போதும்” என்று கடைக்காரர் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைப்பார், நம்பாதீர்கள். 400 கிராம் சொச்சம் எடையுள்ள அந்தக் குட்டி, அதே தோட்டாவுக்கு, கனமான துப்பாக்கியைவிட அதிகமாக உதைக்கும். நாலு தடவை சுட்டதும் உள்ளங்கை எரியும், அப்புறம் பயிற்சிக்கு எடுக்கவே மனம் வராது. அவை சட்டைக்குள் மறைத்துத் திரிவதற்கானவை. வீட்டில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? 600, 700 கிராம் எடை, நாலங்குலக் குழல், முழுக் கையும் பிடிக்கிற நடுத்தர அளவுதான் வீட்டுக்கு வசதி.

தோட்டாவின் அளவைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இருவர் இறந்தார்கள். குற்றவாளியின் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது என்று பழி அதன்மேல் விழுந்தது. பெரிய தோட்டாவுக்குப் போனார்கள், 1990-இல் .40 என்ற தோட்டா அளவு பிறந்தது. பெரியது அதிகம் உதைத்தது, பலருக்குக் குறி கெட்டது. இதற்குள் 9 மி.மீ. தோட்டாவின் செய்முறையும் மேம்பட்டுவிட, 2010-களின் நடுவில் எஃப்பிஐ பழையபடி அதற்கே திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனம் கால் நூற்றாண்டு சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் நாம் நேரே போய் உட்கார்ந்துகொள்ளலாம். உதை தாங்காத கைக்கு .380 இருக்கிறது, ரிவால்வரில் .38 ஸ்பெஷல்.

தோட்டா அளவைவிட எனக்குச் சுவர்தான் கவலை. நம்மூர்ச் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு இங்கே துப்பாக்கி வாங்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது மரச்சட்டத்தின் இருபுறமும் ஆணியடித்த ஜிப்சம் பலகை, அரை அங்குலக் கனம். ஆளை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும் அப்படி ரெண்டு மூன்று சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் தோட்டா உடம்பில் பட்டால் விரிந்து வேகமிழக்கும், ஆகவே வீட்டுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் குறிதப்பி ஜிப்சத்தில் பாய்ந்தால் குழிக்குள் மாவு அடைத்துக்கொண்டு விரியாமலே ஓடிவிடலாம். ஒருநாள் பகலில் வெறுங்கையோடு படுக்கையறை வாசலில் நின்று பாருங்கள். எந்தத் திசையில் குழந்தையின் கட்டில் இருக்கிறது? மாடிப்படி பக்கம் சுட்டால் பக்கத்து வீட்டின் எந்த ஜன்னல்? சில வீடுகளில், எழுந்து போய்த் தேடாமல், எல்லாரையும் ஒரே அறைக்குள் சேர்த்துக் கதவை அடைத்துக்கொண்டு 911-ஐ அழைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பான திசையே இல்லை என்று தெரிந்துவிடும்.

துப்பாக்கியோடு நல்ல டார்ச் ஒன்றும் அந்தப் பெட்டிக்குள் இருக்கட்டும். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் முகவரி மாறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் .44 மேக்னம் ரிவால்வரோடு வந்து சுட்டார், பையன் இறந்துபோனான். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார், ஆனால் பெற்றோர் தொடுத்த சிவில் வழக்கில் 6,50,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு தரச் சொன்னது நீதிமன்றம். நம் வீடுகளில் ராத்திரி மூன்று மணிக்குச் சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் ஊரிலிருந்து வந்து இறங்கிய அம்மாவாக இருக்கும். தூக்கம் பிடிக்காமல், யாரையும் எழுப்ப வேண்டாம் என்று விளக்குப் போடாமல், காபிப் பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பார். முகம் தெரியாமல் விரல் விசைக்குப் போகவே கூடாது. “யாரது?” என்று தமிழில் ஒரு குரல் கொடுங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். புது 9 மி.மீ. பிஸ்டல் சுமார் 500, 600 டாலர். பெட்டி 100-லிருந்து 300 வரை. ஒருநாள் பயிற்சி வகுப்பு, காதுக் கவசம் (மூடிய அறையில் ஒரு சூடு, காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும்), கண்ணாடி, பழகுவதற்கு வேண்டிய தோட்டாக்கள், அப்புறம் வீட்டில் நிரப்பி வைக்கப்போகிற அதே ரக ஹாலோ பாயிண்டில் ரெண்டு மூன்று டப்பா சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்க்கும் செலவு. பணம் இடித்தால் பெட்டியிலும் வகுப்பிலும் கைவைக்காதீர்கள், துப்பாக்கியில் குறையுங்கள். போலீஸ்காரர்கள் பயன்படுத்திவிட்டு மாற்றிக்கொடுத்த பழைய கிளாக்குகள் கடைகளில் மலிவாக வரும், வெளியே இடுப்பு உறையில் உரசித் தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். வாங்குமுன் ஸ்லைடை இழுத்துக் குழலைக் காட்டச் சொல்லுங்கள்.