இரும்பும் நாமும் – 9: உரிப்பதற்கு முன் ஒரு காந்தம்

வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் யந்திரம் என்றால் மில்தான். 1933 இல் அந்த நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவும் அவருடைய இளைஞர் கழகத் தோழர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். இரண்டு வருடத்தில் அந்தத் தோழர்களிடமிருந்து லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றியின் மாடிகள் நிற்கின்றன. அங்கே ஓடிய தறிகளை இனி நாம் தொட்டுப் பார்க்க முடியாது.

ஆனால் சின்ன யந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. காலி வீதித் தையல் கடைகளில் சிங்கர் மெஷின், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்து அச்சகங்களில் மூலையில் ஒதுக்கிய, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு யந்திரம், பட்டறையில் பாட்டன் காலத்து லேத். இவற்றை மறுபடி ஓட வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கைவைப்பது பழைய பெயின்டில். யந்திரங்கள் அதிகம் பாழாவதும் அந்த இடத்தில்தான்.

சிங்கரில் இருந்து தொடங்குகிறேன். இலங்கையில் சிங்கர் 1877 இல் கால் பதித்தது. நம் வீடுகளில் உள்ள பழைய மெஷின்கள் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அது 1885 இல் திறந்து 1980 இல் மூடப்பட்டது. அந்த மெஷின்களின் கறுப்பு, தூரிகையால் பூசிய சாதாரண பெயின்ட் அல்ல. நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துப் பூசி, சூளையில் சுட்டு, மறுபடி பூசி, மறுபடி சுட்டு எடுத்தது. அதன் மேல் தங்கக் கோலம். கோலத்தின் மேல் அரக்கு மெருகு.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது தெரியாமல் அழுக்கெடுக்க ஸ்பிரிட் துணியால் துடைக்கிறார்கள். மெருகு முதலில் பால் போல வெளிறும். அடுத்த துடைப்பில் தங்கம் துணியோடு வந்துவிடும். அதற்குப் பிறகு ‘எல்லாவற்றையும் உரித்துப் புதிதாக அடிப்போம்’ என்று முடிவெடுப்பார்கள். சூளையில் சுட்ட அந்தக் கறுப்பை ஸ்பிரே டின்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை: கறுப்புச் சிங்கரை உரிக்காதீர்கள். தையல் மெஷின் எண்ணெயும் பஞ்சும் போதும். ஒரு பின்னேரம் பொறுமையாகத் தேய்த்தால் நாற்பது வருட அழுக்கு இளகி வரும். கோலம் தேய்ந்து போயிருந்தால் அது அந்த மெஷினில் தைத்தவரின் கை உரசிய இடம், அப்படியே இருக்கட்டும்.

உரித்தே ஆக வேண்டிய யந்திரங்களும் உண்டு. அச்சு யந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 முதல் 1985 வரை ஜேர்மனியில் செய்யப்பட்ட ஹைடல்பேர்க் பிளேட்டன், காற்றாடி போலச் சுழலும் இரண்டு கைகளால் கடதாசியைத் தானே எடுத்து, அச்சேற்றி, வெளியே வைக்கும். அதன் உயிர் எண்ணெய்த் துவாரங்களில் இருக்கிறது. கை மாறும்போதெல்லாம் விற்பவர் கிறீஸைக்கூடத் துடைக்காமல் மேலே ஒரு பூச்சு அடித்துவிடுவார். துவாரம் அடைபடும். எண்ணெய் போகாது. பெயரிங் வறண்டு தண்டு தேயும். வெளியே பளபளப்பு, உள்ளே சாவு. இப்படிப்பட்ட யந்திரத்தை அழகுக்காக அல்ல, எண்ணெய் உள்ளே போவதற்காகவே உரிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மறைவான ஒரு மூலையில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, சான்ட் பேப்பரை நனைத்து வட்டமாகத் தேயுங்கள். பூச்சுகள் வளையம் வளையமாகத் தெரியும். அடியில் உள்ளது பிறந்தபோதிருந்த நிறம். பெயர்த் தகட்டைக் கழற்றினால் அதன் பின்னாலும் அந்த நிறம் அழியாமல் இருக்கக்கூடும். படம் எடுத்து வையுங்கள். லேத் போன்ற வார்ப்பிரும்பு யந்திரங்களில் பெயின்டுக்கு அடியில் பட்டி போன்ற தடித்த பூச்சொன்று வரும். பயப்பட வேண்டாம். வார்ப்பின் சொரசொரப்பை மறைக்கத் தொழிற்சாலையே தடவியது அது. உறுதியாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் அச்சு யந்திரம் திருத்தும் முதியவர் ஒருவர் தன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார். “தம்பி, பெயின்டைப் பார்க்க முந்தி இதை வச்சுப் பாருங்க” என்பார். காரணம் எரிசோடா. எண்ணெய்ப் பெயின்டை உரிக்க மலிவான வழி அதுதான். லீற்றர் தண்ணீருக்கு ஐம்பது முதல் நூறு கிராம். பெயின்டில் உள்ள எண்ணெயை அது சவர்க்காரமாக மாற்றிவிடும், பூச்சு வழுக்கிக்கொண்டு வரும். இரும்புக்கு அதனால் கேடில்லை. அலுமினியத்தை அது நுரைக்க நுரைக்கத் தின்னும், பற்றக்கூடிய ஐதரசன் வாயுவும் கிளம்பும். சிங்கரின் 201கே மாதிரி முதலில் வார்ப்பிரும்பிலும் பின்னர் அலுமினியத்திலும் வந்தது. பூச்சைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். காந்தம் ஒட்டாத பாகம் எரிசோடாத் தொட்டிக்குள் போகக் கூடாது.

எரிசோடாவைத் தண்ணீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். எரிசோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் நீண்ட றப்பர் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் அது தங்கிவிடுவதால் நிறையத் தண்ணீரில் கழுவி, வினாகிரி கலந்த நீரால் துடைத்து, மறுபடி கழுவ வேண்டும். கழுவாத இடத்தில் புதுப் பூச்சு கொப்புளிக்கும்.

கடையில் டின்னில் விற்கும் ரிமூவர் வேகமானதுதான். லேபலில் மெதிலீன் குளோரைட் என்றிருந்தால் வாங்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். மூச்சோடு உள்ளே போனது உடம்புக்குள் காபன் மொனொக்சைட்டாக மாறும். அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அப்படிப்பட்ட ரிமூவரை 2019 இல் தடை செய்தார்கள். தடைக்கு முன் பலர் செத்திருந்தார்கள்.

மணல் அடித்து உரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த மணலை அழுத்தக் காற்றோடு பாய்ச்சும்போது அது உடைந்து, நுரையீரலின் அடி வரை போகும் சிலிக்காத் தூசியாகிறது. வார்ப்புகளைத் துப்புரவாக்க மணல் அடிப்பதைப் பிரித்தானியா 1949 ஆம் ஆண்டின் விதிகளால் தடை செய்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்ய மணல் அடித்த இளைஞர்கள் சிலிக்கோசிஸில் இறந்தபின் 2009 இல் அங்கும் தடை வந்தது. வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு மணல் அடிக்கும் ஒரு பையனுக்குக் கூலி கொடுத்து உங்கள் யந்திரத்தை அழகாக்காதீர்கள். தூசி அவனுடைய நெஞ்சுக்குள் போகிறது. யந்திரத்துக்கும் இது கூடாது. பெயரிங்குக்குள் புகுந்த மணல் தண்டை அரைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு எதிரி ஈயம். பழைய யந்திரங்களின் செந்நிற அடிப்பூச்சிலும், மேலே வரும் மஞ்சள், பச்சை நிறங்களிலும் அது சாதாரணமாக இருந்தது. இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்டவரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சு எதுவானாலும் ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புளோ லாம்பால் எரிக்க வேண்டாம். 600 பாகை செல்சியஸ் அளவில் ஈயம் புகையாகிவிடும். உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம், நனைத்துத் தேயுங்கள். வேலை செய்த சாரத்தோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். பிள்ளைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை.

மிச்சம் கடற்காற்று. வெள்ளவத்தையில் ரயில் பாதை தாண்டினால் கடல். தென்மேற்குப் பருவத்தில் உப்பு யன்னல் கம்பியில் படிவது போலவே யந்திரத்திலும் படிகிறது. தேய்க்கத் தொடங்குமுன் நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் அந்த உப்பை நீங்களே இரும்புக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். உரித்த இரும்பு இங்கே சில மணித்தியாலத்தில் செம்மை தட்டும். ஆகவே முழு யந்திரத்தையும் ஒரேயடியாக உரிக்காமல், அன்றைக்கே பிரைமர் பூச முடிந்த அளவு பாகங்களை மட்டும் உரியுங்கள். பூசும் நேரத்தில் இரும்பு, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலையை விடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி. கொழும்பில் அதற்கு விடிகாலையும் மழை விட்ட பின்னேரமும் ஆகாது. வெயில் ஏறியபின் பூசுங்கள்.

உரித்த துகள்களை ஓடையில் தள்ளாதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாயில் போனது கடலுக்குத்தான் போகும். ஈரமாகவே கூட்டி, தடித்த பொலித்தீன் பையில் கட்டி, வெளியே ‘ஈயம்’ என்று எழுதி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் மூடிய டின்னில் வையுங்கள். தரையை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பைக்குள் போடுங்கள்.