ஆரத்திக்குச் சிவப்பு, பதநீருக்கு இனிப்பு... கண்ணில் பட்டால் ஆபத்து!

மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால், நொடியில் சிவந்துவிடும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டில் எல்லோரும் பார்த்த காட்சிதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி, காரத்தன்மை உள்ள பொருளைத் தொட்டால் நிறம் மாறும். வெற்றிலைப் பெட்டியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்பு எவ்வளவு வலுவான காரம் என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி.

கல் சுண்ணாம்பாவது எப்படி?

சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், முட்டை ஓடு... மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான். அதன் வேதிப்பெயர் கால்சியம் கார்பனேட். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது படிந்தது. கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன.

இந்தக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு, சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இதில் தண்ணீரை ஊற்றினால் புஸ்ஸென்று சீறி, கொதித்து, மாவாக உதிரும். இதுதான் 'நீற்றுதல்'. திருநாவுக்கரசரை ஏழு நாள் அடைத்துவைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நீற்றறை, சுண்ணாம்புக் காளவாய்தான்.

வெற்றிலைக்குத் தடவுவதும் சுவருக்கு அடிப்பதும் இந்த நீற்றிய சுண்ணாம்பைத்தான். சுவரில் பூசியதும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, பழையபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் மீட்டுக்கொள்கிறது என்று சொல்லலாம். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் பழைய சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சுதான்.

பனையேறிகளுக்கும் சுண்ணாம்பு இல்லாமல் முடியாது. கலயத்தின் உட்புறம் அதைத் தடவிக் கட்டினால் இனிப்பான பதநீர் கிடைக்கும். தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். சாற்றைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களால் அவ்வளவு காரத்தில் பெருக முடியாது என்பதுதான் காரணம்.

நுண்ணுயிரை அடக்கும் காரம் கண்ணை விடுமா?

காய்ந்து, பல வருடம் ஆன சுவர்ச் சுண்ணாம்பு கல்லுக்குச் சமம். டப்பாவிலும் பாக்கெட்டிலும் ஈரமாக இருக்கும் சுண்ணாம்பு அப்படியல்ல. அதன் பி.ஹெச். அளவு 12-ஐத் தாண்டும். பெட்டிக்கடையில் வாங்கிவந்த சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தைகள் விளையாட்டாக அழுத்தும்போது, அது வெடித்து நேராகக் கண்ணில் தெறிக்கிறது. இப்படிக் காயம்பட்டு வரும் குழந்தைகளைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி வெள்ளையடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

அமிலம் பட்டால் மேற்புறப் புரதம் உறைந்து, ஓரளவுக்குத் தடுப்புபோல நிற்கும். காரம் அப்படி நிற்காது. திசுக்களில் இருக்கும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பசைபோல இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டால் பாதிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். கருவிழி வெளுத்து, பார்வையே போகலாம்.

கண்ணில் பட்டுவிட்டால்...

* அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரே போதும்.

* பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, 20 முதல் 30 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். இமைக்கு அடியில் துகள் தங்கக் கூடாது.

* கண்ணைக் கசக்க விடாதீர்கள். எலுமிச்சைச் சாறு, எண்ணெய், தாய்ப்பால் எதையும் விட வேண்டாம்.

* கழுவிய பிறகு வலி குறைந்தாலும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டது சுண்ணாம்பு என்று மறக்காமல் சொல்லுங்கள்.

பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்காமல், முகத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கத்தரியால் வெட்டுங்கள். வெள்ளையடிப்பவர்கள் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. தாத்தா பாட்டியின் வெற்றிலைப் பெட்டி வீட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது, பேரப்பிள்ளையின் கைக்கு எட்டுமா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.