சிவகாசிக்கு ஒருநாள் ட்ரிப்: பட்டாசு ஆலைக்குள் போகலாமா? ரயிலில் பட்டாசு எடுத்து வரலாமா?

வீக்எண்டுக்கு பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு. 'குட்டி ஜப்பான்' போய் பட்டாசு எப்படித் தயாராகுதுன்னு பார்த்துட்டு, அப்படியே ரெண்டு பாக்ஸ் வாங்கிட்டு வரலாம்னு பிளானா? விருதுநகர் மாவட்டத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால், இந்த பிளானில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

எங்கெல்லாம் போகலாம்?

விருதுநகரில் தொடங்கலாம். 1903 ஜூலை 15-ல் காமராஜர் பிறந்த ஊர் இது. ஒன்பது ஆண்டுகள் முதல்வராக இருந்தவரின் எளிய வீடு இன்று நினைவு இல்லம். மாலையில் இருந்தால் எண்ணெய் பரோட்டாவை மிஸ் பண்ணாதீங்க.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். 11 நிலைகள், 192 அடி உயர ராஜகோபுரம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. வரலாற்றுப் பிரியர்கள் கேள்விப்பட்டிருக்கும் வெம்பக்கோட்டையும் பக்கம்தான். 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தது இங்கேதான்.

சிவகாசி எப்படி பட்டாசு ஊரானது?

வானம் பார்த்த பூமி; விவசாயம் கைகொடுக்கவில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைவு என்பதே தொழிலுக்குச் சாதகமானது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, லேபிள் அடிக்க அச்சகம் என ஊர் வளர்ந்தது.

ஆலையைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியாது. ஆலைகள் வெடிபொருள் உரிமத்தின் கீழ் இயங்குபவை. ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு உண்டு. ஏனென்றால், சின்ன உராய்வே மருந்தைப் பற்றவைத்துவிடும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்ல. தீயைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள். 'ரீல்ஸ் எடுக்கணும், கொஞ்சம் உள்ளே விடுங்க' என்று கேட்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

ரயிலில் எடுத்து வரலாமா?

கூடாது. கம்பி மத்தாப்பு பாக்கெட்டாக இருந்தாலும் சரி. ரயில்வே சட்டம் 1989-ன் 164-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். சிறைத் தண்டனையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பேருந்திலும் அனுமதி இல்லை.

ஆன்லைனில் ஆர்டர் போடலாமா?

பட்டாசுகளின் ஆன்லைன் விற்பனைக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எனவே, '80% தள்ளுபடி, முன்பணம் மட்டும் அனுப்புங்க' என்று வரும் லிங்க்கைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

அப்போ என்னதான் வாங்கிட்டு வர்றது?

உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடைக்கு வருவதும் பெரும்பாலும் சிவகாசி சரக்குதான். பட்டாசை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் தைரியமாக எடுத்துவர, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறதே!