மடிக்கணினி வாங்குமுன் சற்றே அமர்ந்து கணக்கிடுவோம்

மகனோ மகளோ பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்த சில வாரங்களுக்குள் நம் இல்லங்களில் ஒரு புதிய பேச்சு எழுகிறது. "அப்பா, வரைபட வகுப்பிற்கு லேப்டாப் வேண்டும்." கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டதும் தாயின் கை தானாகவே கழுத்துச் சங்கிலியைத் தொடுகிறது. நாள் முழுதும் உழைத்துப் பிழைக்கும் பெற்றோர்க்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் என்பது எளிதில் சேரும் தொகையன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். எதைக் கொண்டு அளப்பது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பொறியாளர்கள் முன்பு பலகையில் தாளை ஒட்டி, டி-ஸ்கொயரும் பென்சிலும் கொண்டு வரைந்தனர். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஐவன் சதர்லாண்ட் என்பவர், ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே வரையும் முறையைச் செய்து காட்டினார். 1982-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் என்னும் மென்பொருளை வெளியிட்டது. மேசைக் கணினியிலேயே வரையும் வழக்கம் அதன்பின் எங்கும் பரவிற்று. இன்று மாணவனுக்குக் கணினியே வரைபலகை.

என்ன வரையப் போகிறான்?

கடையில் முதலில் கேட்கப்படுவது "எவ்வளவுக்குள் வேண்டும்?" என்பது. வீட்டில் முதலில் கேட்க வேண்டியதோ "என்ன வரையப் போகிறாய்?" என்பது. வீட்டு வரைபடம், மனை அளவு போன்ற தட்டையான கோட்டுப் படங்களுக்குச் சாதாரணக் கணினியே போதும். எந்திர உறுப்புகளைக் கனவடிவில் உருவாக்கும் சாலிட்வொர்க்ஸ், முழுக் கட்டடத்தையும் வடிவமைக்கும் ரெவிட் ஆகியவற்றிற்குக் கூடுதல் வலிமை வேண்டும். அந்த வடிவங்களுக்கு ஒளியும் நிழலும் கூட்டி நிழற்படம்போல் ஆக்குவது எல்லாவற்றினும் பெருஞ்சுமை.

ஆகவே ஆசிரியரிடம் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்கு வேண்டிய கணினித் தகுதியை அந்தந்த நிறுவனமே வெளியிடுகிறது. சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸ் கணினிகளுக்கென்றே அமைந்தவை. அழகை மட்டும் கண்டு ஆப்பிள் கணினியை வாங்கியபின் இதனை அறிவது பெருந்துன்பம்.

உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம்

செயலி என்னும் பிராசசர் கணினியின் மூளை. ஒரு சுவரை எழுப்பும்போது கீழ்வரி முடிந்த பின்னரே மேல்வரியை வைக்கலாம். பத்துக் கொத்தனார்கள் நின்றாலும் அவ்வரிசை மாறாது. கனவடிவம் உருவாவதும் பெரும்பாலும் அவ்வாறே, ஒன்றன்பின் ஒன்றாக. எனவே செயலியில் எத்தனை உட்கருக்கள் உள்ளன என்பதினும் ஒவ்வொன்றின் வேகமே முதன்மையானது. நிழற்படம்போல் ஆக்கும் வேலையோ பல அறைகளுக்கு வெள்ளையடிப்பது போன்றது. அங்கு ஆள்கள் கூடக்கூட வேலை விரையும். மாணவர்க்கு அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த இன்டெல் கோர் ஐ5 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 5 பொருந்தும். செயலியின் எண்ணுக்குப் பின் 'எச்' என்னும் எழுத்து இருப்பின் வலிமை மிக்கது. 'யு' எனில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது, வலிமையில் குறைந்தது.

ராம் என்னும் நினைவகம் கோட்டுப் படங்களுக்கு 8 ஜி.பி. போதும், கனவடிவங்களுக்கு 16 ஜி.பி. தேவை. பின்னர் கூட்டிக்கொள்ள இடமுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட இயலாது. இடமுண்டெனில் இன்று 8 வாங்கி, அடுத்த ஆண்டு மீதியைச் சேர்த்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சேமிப்பிற்கு 512 ஜி.பி. கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. நன்று. பழைய சுழல்தட்டு 1 டி.பி. என்று பெரிதாகத் தோன்றினும் வேகத்தில் மிகப் பின்தங்கியது.

கோட்டுப் படங்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டா. கனவடிவங்களுக்கு என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3050 போன்றதொரு தனி கார்டு மாணவர் தேவையை நிறைவு செய்யும். இத்தகைய கார்டு கேமிங் லேப்டாப் என்று விற்கப்படுபவற்றில் உண்டு. பெயரைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சுகின்றனர். விளையாட்டிற்கு உதவும் அதே வலிமையே வடிவமைப்பிற்கும் உதவுகிறது. எனினும் அவை இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். பேட்டரியும் விரைவில் தீரும். தினமும் பேருந்தில் சுமந்து செல்லும் பிள்ளை இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

15.6 அங்குலத் திரையும் சக்கரமுள்ள மவுஸும் மறக்கத்தகாதவை. மவுஸ் சில நூறு ரூபாய்தான். அஃதின்றி வடிவமைப்பு வேலை நடவாது.

செலவைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி காத்திருத்தல். முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் பொதுவானவை. கல்லூரி ஆய்வகத்திலும் கணினிகள் உள்ளன. தேவை உண்மையாகவே எழும்வரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைக்கு மேசைக் கணினி. அதே தொகைக்கு அதிக வலிமை கிடைக்கும், பழுதுபார்ப்பதும் எளிது.

மூன்றாவது, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்தவற்றைச் செப்பனிட்டு விற்கும் கணினி. டெல் பிரசிஷன், எச்.பி. இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசை ஆகியன இவ்வேலைக்கென்றே செய்யப்பட்டவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்குத் தகுதிபெற இன்டெல் செயலி பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். அதற்கு முந்தியதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கடையிலேயே அரைமணி நேரம் இயக்கிச் சூட்டையும் பேட்டரியையும் பாருங்கள். ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் பெறுங்கள்.

நான்காவது, மென்பொருளுக்குப் பணம் தராதிருத்தல். ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்க்கு ஓராண்டு உரிமத்தை இலவசமாகத் தந்து, படிக்கும் காலம்வரை புதுப்பிக்கிறது. ஃப்ரீகேட், லிப்ரேகேட் ஆகியன எல்லார்க்கும் இலவசம். நேர்வழி இவ்வாறு திறந்திருக்கத் திருட்டுப் பிரதி எதற்கு? அது பிறர் உழைப்பைக் களவாடுவது. வைரஸையும் உடன் கொணர்வது.

பெற்றோரே, ஒரு மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி மூன்றை மட்டும் தாளில் எழுதச் சொல்லுங்கள்: எந்த மென்பொருள், எப்போது தேவை, கடன்படாமல் நம்மால் இயன்ற தொகை எவ்வளவு. மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். அந்தத் தாளோடு கடைக்குச் செல்லுங்கள். தாளில் இல்லாததைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், "வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்" என்று கூறித் திரும்பி வருவதில் குறைவொன்றுமில்லை.