பிறமொழி வாசல் – 7: ஒரே ஒலியில் அவனும் அவளும்

மாண்டரின் சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலிதான்: ‘தா’. எழுத்தில் மட்டும் மூன்றுக்கும் வெவ்வேறு வடிவம் உண்டு. பெண்ணைக் குறிக்கத் தனி எழுத்து வேண்டும் என்று 1920-இல் வாதிட்டவர் கவிஞரும் மொழியறிஞருமான லியூ பன்னொங். வடிவம் பிரிந்தது, ஒலி பிரியவில்லை. அதனால்தான் ஆங்கிலத் தேர்வில் ‘ஹி’, ‘ஷி’ இரண்டையும் பிசகாமல் எழுதும் சீன மாணவர், பேச்சில் தன் அம்மாவையே ‘ஹி’ என்று சொல்லிவிடுகிறார். பல ஆண்டுகள் சரளமாக ஆங்கிலம் பேசியவர்களிடமும் இது தொடர்கிறது. இதை அறியாமை என்று திருத்துவது அநியாயம். வாய் திறக்குமுன் ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யும் பழக்கத்தை அவருடைய தாய்மொழி அவருக்குத் தரவே இல்லை.

காலம் காட்டுவதிலும் இதே கதைதான். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. ‘நேற்று’ என்று சொல்லியாகிவிட்டால் போதும். ‘லெ’ என்றொரு ஒட்டு உண்டு. அது செயல் முடிந்ததைக் காட்டுமே தவிர இறந்தகாலத்தை அல்ல. நாளை சாப்பிட்டு முடித்த பிறகு கிளம்பலாம் என்பதிலும் அது வரும். ஆகவே ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பது அவர்கள் காதுக்குக் குறையில்லாத வாக்கியம். இதோடு உச்சரிப்பும் சேர்ந்துகொள்கிறது. மாண்டரின் அசைகள் மெய்யில் முடிந்தால் அது பெரும்பாலும் ‘ன்’ அல்லது ‘ங்’. ‘வாக்ட்’ என்பதன் கடைசி ஒலி நாவிலேயே நின்றுவிடும். தடுக்கியது இலக்கணமா நாக்கா என்று ஆசிரியருக்கே தெரியாது. பன்மைக்குரிய ‘ஸ்’ விடுபடுவதற்கும் இந்த இரண்டு காரணங்களும் உண்டு: எண்ணைச் சொன்ன பிறகு பெயர்ச்சொல் மாற வேண்டியதில்லை. பேச்சுத் தமிழில் நாம் ‘மூணு புத்தகம்’ என்பதைப் போல.

‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ வருவதும் அடிக்கடி காணும் பிழை. சீனத்தில் ‘சுயிரான்’ வந்தால் பெரும்பாலும் ‘தான்ஷி’ பின்தொடரும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது அங்கே இயல்பு. ‘ஓபன் த லைட்’ என்பதும் அப்படி வந்ததே. கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, வண்டி ஓட்டுவது, கூட்டம் நடத்துவது எல்லாவற்றுக்கும் அங்கே ‘காய்’ என்ற ஒரே வினை.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வது தமிழருக்கும் சொந்தமான சிக்கல். ‘டோன்ட் யூ லைக் ஃபிஷ்?’ என்று கேட்டால், மீன் பிடிக்காத சீனர் ‘யெஸ்’ என்பார். நீங்கள் நினைத்தது சரி என்பது அவர் பொருள். ‘மீன் பிடிக்காதா?’ என்றால் நாமும் ‘ஆமாம், பிடிக்காது’ என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலமோ கேட்டவரின் ஊகத்தைப் பொருட்படுத்தாது. பிடிக்கும் என்றால் ‘யெஸ்’, பிடிக்காது என்றால் ‘நோ’. சீனரும் தமிழரும் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது இந்த ‘யெஸ்’ பெரும்பாலும் சரியாகவே போய்ச் சேர்கிறது. ஆங்கிலமே தாய்மொழியான மூன்றாமவர்தான் ‘யெஸ்’ சொன்னவர் தட்டில் மீனை வைத்துவிடுவார்.